பாம்பன் பாலத்து விளக்குகளும் பச்சைக் களிம்பும்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் லெகோக் கட்டைகளால் புதிய பாம்பன் பாலத்தைத் தானே வடிவமைத்துக் கட்டியிருக்கிறான். நடுவிலுள்ள தூக்குப் பாலமும் ஏறி இறங்கும். எல்.இ.டி. சரம் வாங்கிச் சுற்றி, பவர் பேங்கில் இணைத்தோம். இப்போது பல விளக்குகள் மங்கிவிட்டன. கம்பியில் பச்சையாகப் படிகிறது. ஷாக் அடிக்கும், தீப்பிடிக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். கழற்றிவிடலாமா?
— கி.செ., தங்கச்சிமடம்

பதில்: கழற்ற வேண்டாம் அம்மா. பவர் பேங்க் தருவது 5 வோல்ட்தான். அது ஷாக் அடிக்காது. தீயைப் பற்றிய பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

பச்சையாகப் படிவது செம்புக் களிம்பு. உங்கள் தீவில் உப்புக் காற்று எதையும் விடாது. 2025 ஏப்ரலில் திறந்த நிஜப் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் (உப்பைத் தாங்கும் பெயின்ட்) போட வேண்டியிருந்ததே! கட்டையின் குமிழ்மேல் கம்பியை வைத்து அடுத்த கட்டையை அழுத்தினால் உறை நசுங்கிச் செம்பு வெளியே தெரியும். கையால் முறுக்கிய இணைப்புகளிலும் அப்படித்தான். அங்கே களிம்பேறி மின்சாரம் தடைபடுகிறது, விளக்கு மங்குகிறது.

கெட்ட கம்பியை மாற்றி, குமிழ்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். இணைப்புகளை செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பற்றவைத்து, மேலே நிறமற்ற நகப்பூச்சு தடவினால் போதும்.

தூக்குப் பாலத்துக்குத்தான் அதிகக் கவனம் தேவை. நிஜத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி 17 மீட்டர் உயரம் போகிறது. பையனுடையதும் ஏறி இறங்கும்போது கம்பி ஒரே இடத்தில் மடங்கி உள்ளேயே அறுந்துவிடும். அதற்குப் பல இழைகள் கொண்ட மெல்லிய கம்பி வேண்டும். பாலத்தை உச்சிக்கு ஏற்றிவைத்து அளந்து, இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டு, கோபுரத்தின் ஓரமாகத் தொங்கவிடட்டும்.

இனி தீ. உறை போன இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டால் (ஷார்ட் சர்க்யூட்) மெல்லிய கம்பி சூடேறும். 100 டிகிரியை ஒட்டிக் கட்டையே இளகும். பவர் பேங்க் அருகில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். தனி விளக்குகளாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் மின்தடை (ரெசிஸ்டர்) வேண்டும். சுமார் 9 மில்லி ஆம்பியர்தான் ஓடும், பொம்மைக்கு அந்த வெளிச்சம் தாராளம். மின்சாரம் மிகக் குறைவாக இழுத்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும், அது பழுதல்ல.

பவர் பேங்கைச் சுவர் பிளக்கில் சார்ஜ் போட்டபடி விளக்கை எரிய விடாதீர்கள். மலிவான சார்ஜர் பழுதானால் 230 வோல்ட் கம்பி வரை வந்துவிடலாம். உங்கள் மாமியார் சொல்லும் ஷாக் அந்த வழியாகத்தான் வரும்.