அச்சத்தின் மீது எழுந்த ஆட்சி நிலைப்பதில்லை

கந்தசஷ்டி நாட்களில் கந்தபுராண படனம் கேட்கும் அடியார்கள் சூரபன்மனை நன்கு அறிவர். நூற்றெட்டு யுகம் வாழவும் ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆளவும் சிவபெருமானிடம் வரம் பெற்றவன் அவன். தவத்திலும் படையிலும் அவனுக்குக் குறைவில்லை. ஆயினும் தேவர்களைச் சிறையிட்டும் மீன் சுமக்க வைத்தும் அச்சத்தினால் ஆண்டான், அழிந்தான். குடிகள் அஞ்சும்படி ஆளலாகாது என்பதற்கென்றே திருவள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்றோர் அதிகாரம் வகுத்துள்ளார்.

இது புராண காலத்துக்கு மட்டும் உரிய பாடம் அன்று. இன்று எமது உறவுகள் பலர் வாழும் ஜேர்மனி, 1949 முதல் 1990 வரை இரு நாடுகளாக இருந்தது. கிழக்கு ஜேர்மனியிலிருந்து 1961 வரை 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மேற்கே வெளியேறினர். அதனைத் தடுக்க 1961 ஓகஸ்ட் 13ஆம் திகதி பேர்லின் நகரின் எல்லை அடைக்கப்பட்டு, பின்னர் மதில் எழுந்தது. பகைவரிடமிருந்து காக்கும் அரண் என்று அரசு அதனை அழைத்தது. எல்லைக் காவலருக்குப் பகைவரை வெறுக்கக் கற்பித்தார்கள். துப்பாக்கிகள் நீண்டதோ, தப்பியோட முயன்ற சொந்த மக்களை நோக்கி. அம்மதிலில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தனர்.

ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் மக்களைக் கண்காணிக்க, 'ஸ்ராசி' எனும் உளவுத்துறையில் சுமார் 91,000 ஊழியர்கள் இருந்தனர். இரகசியத் தகவலாளர்கள் அதனிலும் அதிகம். அயலவனை அயலவனும், சில வீடுகளில் மனைவியைக் கணவனும் காட்டிக்கொடுத்தனர். அத்துறை விட்டுச் சென்ற கோவைகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீற்றர் நீளும்.

இவ்வளவு வலிமையிருந்தும் அந்த அரசு ஏன் வீழ்ந்தது?

முதலாவது, அஞ்சுபவன் உண்மை பேசான். 1989 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 98.85 வீதமானோர் அரசை ஆதரித்ததாக அறிவிக்கப்பட்டது. வாக்கெண்ணுதலைக் கவனித்த பொதுமக்களோ அது பொய் எனக் கண்டனர். உண்மையைக் கேட்க விரும்பாத அரசு தன் நோயைத் தானே அறியாது.

இரண்டாவது, ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் ஊரில் எவரும் மனமுவந்து ஒரு பொதுக் காரியத்துக்குத் தோள் கொடுப்பதில்லை.

மூன்றாவது, அச்சம் விலகினால் அத்தகைய ஆட்சியைத் தாங்க வேறு தூண் இல்லை. லைப்சிக் நகரின் நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதானப் பிரார்த்தனை நடந்து வந்தது. 1989 ஒக்டோபர் 9ஆம் திகதி பிரார்த்தனை முடிந்து வந்தவர்களோடு ஏறத்தாழ 70,000 பேர் வீதியில் சேர்ந்தனர். ஆயுதம் ஏந்திய படையினர் நின்றும் ஒரு வெடியும் தீரவில்லை. ஒரு மாதத்தில், நவம்பர் 9ஆம் திகதி, மதில் திறந்தது. 1990 ஒக்டோபர் 3ஆம் திகதி அந்த நாடே இல்லாமற் போயிற்று.

அச்சம் என்றால் என்னவென்று எம்மவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதனை அனுபவித்தவர்களும், தாம் அறியாமலே அதனைப் பிறருக்குக் கொடுத்துவிடக்கூடும். கணக்குக் கேட்க அடியார்கள் அஞ்சும் ஆலயத்தில் கணக்கு நேராக இராது. தந்தைக்கு அஞ்சும் பிள்ளை பொய் சொல்லப் பழகும். 'அந்த வீட்டாரோடு கதைக்காதே' என்று வளர்த்தால் அடுத்த தலைமுறையில் தேரிழுக்க ஆட்கள் குறைவர். வடத்தைப் பயத்தினால் பிடிப்பவன், பயம் தீர்ந்ததும் கைவிடுவான். அன்பினால் பிடிப்பவனே தேர் இருப்பிடம் சேரும்வரை நிற்பான்.

முருகப்பெருமான் சூரனை வென்றபின் அவனை வெறுத்து ஒதுக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆக்கித் தம்முடன் வைத்துக்கொண்டார். பகையை முடிக்கும் வழி அதுவே. கேள்வி கேட்பவரையும் கோபித்துப் பிரிந்தவரையும் அழைத்து அருகில் இருத்தும் ஊராக எமது ஊர் விளங்க எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.