முதல் சைடர்: நாலரை லிட்டரில் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் சோமர்செட், ஹியர்ஃபோர்டுஷையர் பக்கங்களில் இலையுதிர்காலம் வந்தால் பண்ணைகளில் ஆப்பிளை அரைத்துப் பிழிந்து சைடர் என்னும் ஆப்பிள் மது போடுவார்கள். தோட்டமும் பிழிபொறியும் இல்லாதவர்கள் கடையில் வாங்கிய ஆப்பிள் சாற்றிலிருந்தே நல்ல சைடர் செய்துவிடலாம். கை வேலை கொஞ்சம்தான். மீதியெல்லாம் காத்திருப்பு. புதிதாகச் செய்பவர்கள் அவசரப்பட்டுக் கெடுப்பதும் அங்கேதான் என்பதால், அதற்கே இங்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் சட்டம். பிரிட்டனில் பெரியவர்கள் தங்கள் சொந்தத் தேவைக்குச் சைடர் போட்டுக்கொள்ளத் தடையில்லை. விற்பதென்றால் தனி விதிகள் உண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம். நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

## என்னென்ன வேண்டும்

ஒரு கேலன், அதாவது சுமார் 4.5 லிட்டர் பிடிக்கும் குறுகிய கழுத்துக் கண்ணாடி ஜாடி இரண்டு. இதை டெமிஜான் என்பார்கள். துளையிட்ட அடைப்பான், அதில் செருகும் ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியேவிட்டு, வெளிக்காற்றைத் தடுப்பது), சைஃபன் குழாய், உணவுப் பாத்திரங்களுக்கான கிருமிநீக்கி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அதை மிதக்கவிட ஓர் உயரமான குழாய். ஹைட்ரோமீட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்த வேலையில் உங்களிடம் உண்மை சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

## சாற்றைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். பதநீர் கள்ளாகாமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பைப் போல, ஈஸ்டைத் தலையெடுக்கவிடாமல் செய்யவே அவற்றைச் சேர்க்கிறார்கள். பாஸ்டரைஸ் செய்த சாறு, வைட்டமின் சி சேர்த்த சாறு, அடர்கரைசலிலிருந்து தயாரித்த சாறு எல்லாம் சரிவரும்.

கடைச் சாற்றில் ஒரு குறை உண்டு. அது பெரும்பாலும் சாப்பிடும் ரக ஆப்பிளில் எடுத்தது, துவர்ப்பு போதாது. பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டனில் 1903இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், அமிலத்தையும் துவர்ப்பையும் அளந்து சைடர் ஆப்பிள்களை நான்கு வகையாகப் பிரித்தது: இனிப்பு, கசப்பினிப்பு, புளிப்பு, கசப்புப்புளிப்பு. டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் போன்ற பெயர்பெற்ற ரகங்களின் கனம் அந்தத் துவர்ப்பில்தான் இருக்கிறது. நமக்கு எளிய வழி தேயிலை. பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் கடுமையாக ஊறவைத்து ஆறிய ஒரு கோப்பைக் கட்டஞ்சாயா ஒரு ஜாடிக்குப் போதும்.

## போடும் நாள்

சாற்றில் படப்போகும் எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கியில் நனைத்து எடுங்கள். ஜாடியில் சுமார் 3.5 லிட்டர் சாறும் தேநீரும் ஊற்றுங்கள். நுரைக்கு இடம் வேண்டும். மீதிச் சாற்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஈஸ்ட் போடுவதற்கு முன் அளவெடுங்கள். குழாயில் சாறு ஊற்றி, ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள். ஒட்டிய குமிழிகள் உதிர்ந்துவிடும். கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடியோரம் ஏறி நிற்கும் விளிம்பை விட்டு நடுவிலுள்ள தாழ்ந்த மட்டத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 1.045 முதல் 1.050 வரை இருக்கும். ஒரு சீட்டில் எழுதி ஜாடியிலேயே ஒட்டுங்கள்.

பிறகு ஈஸ்ட். முதல் முறைக்கு ஏல் ஈஸ்டைச் சொல்வேன். அடியில் இறுகப் படியும், ஆப்பிள் மணத்தையும் விட்டுவைக்கும். ஒயின் ஈஸ்டும் ஆகும். ரொட்டி ஈஸ்ட் நொதிக்கும், ஆனால் சரியாகப் படியாது. ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு என்பதால், பாக்கெட்டில் சொன்ன அளவு ஈஸ்ட் சத்துப்பொடியும் சேருங்கள். அடைப்பானை மாட்டி, ஏர்லாக்கில் பாதி நீர் ஊற்றிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

## நொதிக்கும் வாரங்கள்

ஓரிரு நாளில் நுரை எழும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் உள்ள, வெயில் படாத மூலை நல்லது. வெப்பம் ஏறினால் மணம் போய் நெடி வரும். நடுவில் அழுகிய முட்டை வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். ஈஸ்டுக்குச் சத்து போதாதபோது வரும் ஹைட்ரஜன் சல்பைடு அது, பெரும்பாலும் தானே போய்விடும். நுரை அடங்கியதும் எடுத்துவைத்த சாற்றைக் கழுத்துவரை ஊற்றுங்கள். அந்தச் சாறு அதற்குள் கெட்டிருந்தால் புதுப்பெட்டி உடையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் ஏர்லாக்கில் குமிழி நின்றுபோகும். முடிந்தது என்று நினைக்காதீர்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கினாலும், அடைப்பானில் கசிவு இருந்தாலும் குமிழி நிற்கும். அதேபோல, எல்லாம் முடிந்த பிறகும் அறை சூடேறினால் கரைந்திருக்கும் வாயு வெளியேறிக் குமிழி வரும். ஹைட்ரோமீட்டர் 1.000 அல்லது அதற்குக் கீழே காட்டி, சில நாள் கழித்தும் அதே எண் நின்றால்தான் முடிவு. முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் தோராயமாகத் தெரியும். 1.048இல் தொடங்கி 1.000இல் நின்றால் 6.3.

## மண்டியை விட்டு இறுப்பது

சைஃபன் குழாயின் நுனியை மண்டிக்குச் சற்று மேலே பிடித்து, மறுநுனியை இரண்டாவது ஜாடியின் அடிவரை விட்டு, சலசலப்பில்லாமல் இறுத்தெடுங்கள். இந்தக் கட்டத்தில் காற்று எதிரி. காற்றோடு சேர்ந்தால் அசிட்டிக் பாக்டீரியா சைடரை வினிகராக்கிவிடும். ஜாடியைக் கழுத்துவரை நிரப்பி, ஜாடிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாள் எழுத்து தெரியும்வரை தெளியவிடுங்கள்.

## பாட்டிலில் அடைப்பது

நுரை வேண்டுமானால் லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை, கொஞ்சம் கொதிநீரில் கரைத்து ஆறவைத்துக் கலக்குங்கள். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில்களே முதல் முறைக்குப் பத்திரம். ஒயின் பாட்டில், ஊறுகாய் ஜாடி எதுவும் கூடாது. ஏன் இத்தனை கண்டிப்பு? 1.010இல் அவசரப்பட்டு அடைத்தால் உள்ளே லிட்டருக்கு இன்னும் 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை மிச்சமிருக்கும். நாம் சேர்க்கும் அளவைப் போல நாலு மடங்கு. அந்த அழுத்தத்தில் கண்ணாடி வெடித்துச் சிதறும், கண்ணே போகலாம்.

அறை வெப்பத்தில் வைத்து, தினமும் பாட்டிலை அழுத்திப் பாருங்கள். கல்போல இறுகியதும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். சர்க்கரையெல்லாம் ஆல்கஹாலாகிவிடுவதால் சைடரில் இனிப்பே இருக்காது. இனிப்பு பிடித்தவர்கள் குடிக்கும்போது கிளாஸில் கொஞ்சம் ஆப்பிள் சாறு சேர்த்துக்கொள்ளலாம். பாட்டிலில் சேர்க்கக் கூடாது.

## பயமும் பக்குவமும்

வீட்டுத் தயாரிப்பு என்றதும் நம்மவர்களுக்கு மெத்தனால் பயம் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். பழச்சாறு நொதிக்கும்போது பெக்டினிலிருந்து வரும் மெத்தனால் மிகச் சொற்பம், ஆபத்தில்லை. ஆனால் சைடரைக் காய்ச்சி வடிக்க முயலாதீர்கள். அது பிரிட்டனிலும் உரிமமின்றிச் செய்தால் குற்றம். மேலே பூஞ்சை பூத்திருந்தால் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு மாதத்தில் குடிக்கலாம், மூன்று மாதத்தில் கூர்மை தணிந்து நன்றாயிருக்கும். ஊற்றும்போது பாட்டிலை மெல்லச் சாய்த்து, அடியில் படிந்த ஈஸ்ட் கலங்குமுன் நிறுத்திவிடுங்கள்.