விலை இறங்கிய காரும் இறங்காத பில்லும்

அன்புள்ள தம்பிக்கு,

லண்டனில் ரயில் பாதைக்குக் கீழே வளைவுக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு லிஃப்ட் போட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் பழுதுபார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறாய். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு எஞ்சினைப் பற்றிப் பாடம் தேவையில்லை. இந்தக் கடிதம் பில்லைப் பற்றியது. இந்த வகைக் கார்களில் மெக்கானிக்குக்கும் வாடிக்கையாளருக்கும் மனக்கசப்பு வரும்போதெல்லாம், வண்டியை லிஃப்டில் ஏற்றுவதற்கு முன் பேசாமல் விட்ட ஏதோ ஒரு செலவு அதற்குப் பின்னால் இருக்கும்.

வாசலுக்கு வரப்போகிறவர் யார்? புதுக் கார் வாங்குகிற பணக்காரர் அந்தப் பக்கமே வரமாட்டார். அவருக்கு ஷோரூம் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது. வருபவர், பள்ளிப் பருவத்தில் சுவரில் படமாக ஒட்டிவைத்த காரை, நாற்பதைத் தாண்டிய பிறகு கைக்கெட்டும் விலையில் கண்டு, வீட்டில் ஒரு தொகையைச் சொல்லி வாங்கியவர். 1999-இல் அமெரிக்காவில் போர்ஷே 911 கரேரா புதிதாக ஏறக்குறைய 65,000 டாலருக்கு விற்றது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் போனபின் அதே வண்டி அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. அவர் கணக்கில் அது சல்லிசான கார். அதன் கிளட்சுக்கும் ரேடியேட்டருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் அந்தத் தள்ளுபடி பொருந்தாது. அவை இன்றைக்கும் 65,000 டாலர் காரின் பாகங்கள்தாம். இந்த ஒன்றை வாடிக்கையாளர் மனத்தில் பதியவைத்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்தது.

மீதிப் பாதி கூலி. அதற்கு இதே 911-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது.

996 என்று அழைக்கப்படும் அந்தத் தலைமுறைக் காரிலும், அதன் உடன்பிறப்பான பாக்ஸ்டரிலும் எம்96 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்த நடுவில் ஒரு தண்டு. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது மூடிய பால் பேரிங். உள்ளே வைத்த கிரீஸ் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்று நம்பி மூடியிருக்கிறார்கள். சூடான எஞ்சின் ஆயில் மெல்ல மெல்ல சீலைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. குண்டுகள் தேய்ந்து உடையும்போது டைமிங் நழுவுகிறது, வால்வு பிஸ்டனில் இடிக்கிறது, இரும்புத்தூள் எஞ்சின் முழுக்கப் பரவுகிறது. பிறகு மாற்றவேண்டியது முழு எஞ்சின்தான். அமெரிக்காவில் இதற்காகப் போர்ஷே மீது கூட்டு வழக்கே நடந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை செய்த கார்களுக்குச் சமரசம் ஏற்பட்டது. ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங்குகளில் நூற்றுக்கு எட்டு கெட்டன, அதற்கு முந்தைய இரட்டை வரிசை பேரிங்குகளில் ஒன்றுக்கும் குறைவு என்ற கணக்கு அந்த வழக்கை ஒட்டிப் பரவலாக வெளிவந்தது.

நூற்றுக்கு எட்டு என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பயமுறுத்திப் பிழைப்பவர் எட்டைச் சொல்வார், விற்கத் துடிப்பவர் தொண்ணூற்றிரண்டைச் சொல்வார். நல்ல மெக்கானிக் இரண்டையும் சொல்லிவிட்டு, பேரிங் எங்கே இருக்கிறது என்று காட்டுவார். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃபிளைவீலையும் எடுத்தால்தான் அந்த முனை கண்ணில் படும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது இந்த பேரிங்கைப் பார்த்து எழுந்த பழமொழி போலவே இருக்கிறது. ஆகவே கிளட்ச் மாற்ற ஒரு 996 வந்தால், அன்றைக்கே, முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்டின் பின் சீலையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கூலி ஒன்றுதான், பாகத்தின் விலை மட்டும் கூடுதல். ஆறு மாதம் கழித்து அதே சீல் ஒழுகி அதே கியர்பாக்ஸை மறுபடி இறக்க நேர்ந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார், வரவும் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வண்டி திறந்து கிடக்கும்போது எதைச் சொன்னாலும் சொந்தக்காரர் தலையாட்டுவார். இக்னிஷன் காயிலும் பிரேக் பேடும் எந்தச் சனிக்கிழமையும் மாற்றக்கூடியவை. கியர்பாக்ஸ் கீழே இருப்பதைச் சாக்காக வைத்து அவற்றையும் பில்லில் ஏற்றுவது திருட்டுக்கு அடுத்த வீடு. ஒரே கூலியில் முடிவது எது, தனியாக எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியது எது என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் நேர்மை. 2006 முதல் 2008 வரையிலான கார்களில் அந்த பேரிங் பெரிதாகிவிட்டது. எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. அந்தக் காருக்கு பேரிங் மாற்றச் சொல்லி வருபவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதும் வேலையின் ஒரு பகுதிதான். 2009 மாடலில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள்.

ஃபெராரிக்காரர்களுக்கு பேரிங் கவலை இல்லை, பெல்ட் கவலை உண்டு. 1994-இல் வந்த எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சப் ஃபிரேமோடு கீழே இறக்க வேண்டும். எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு. பெல்ட் அறுந்தால் நாற்பது வால்வுக்கும் ஆபத்து என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. அடுத்து வந்த 360 மொடேனாவில் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்தால் பெல்ட் கைக்கு வந்துவிடும். அதற்கும் அடுத்த எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின் போட்டுவிட்டார்கள். மூன்றும் பார்வைக்கு ஒரே குடும்பம், வைத்துக் காப்பாற்றும் செலவில் மூன்று வேறு கார்கள். எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவருக்கு, விளம்பரத்தில் இருக்கும் விலையைவிட இந்த வரலாறு பயன்படும். அழகில் 355-தான் முதலிடம் என்பது வேறு விஷயம். அந்த அழகுக்கு வாடகை உண்டு என்று மட்டும் தெரிந்திருக்கட்டும்.

பெல்ட்டை மாற்றுவது கிலோமீட்டர் பார்த்து மட்டும் அல்ல, ஆண்டும் பார்த்து. இங்கேதான் பெரும்பாலான சொந்தக்காரர்கள் தடுமாறுகிறார்கள். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லையே, எனக்கு எதற்குச் செலவு என்பார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காரேஜில் நின்றாலும் இரண்டு வருடத்தில் மாற்றியாக வேண்டும். சஸ்பென்ஷன் புஷ்கள் நின்ற இடத்திலேயே இறுகி வெடிக்கும். கூலன்ட் குழாய், எரிபொருள் குழாய், கதவு ரப்பர் எல்லாவற்றுக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். 996-இன் முன் பம்பருக்குள் இரண்டு பக்கமும் ரேடியேட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஏ.சி. கண்டென்சர்கள். இலையுதிர் காலத்து இலைகள் அங்கே போய்ச் சேர்ந்து, நனைந்து, மக்கி, அலுமினியத்தை அரிக்கின்றன. ஆண்டுக்கு ஒரு தரம் பம்பரைக் கழற்றிக் கூட்டிப் பெருக்கினால் போதும். அதைச் சொல்லித்தர யாரும் இல்லாததால் கண்டென்சர் விற்பவர்கள் நன்றாக வாழ்கிறார்கள்.

டயர் விஷயத்தில் மட்டும் சிரிப்புக்கு இடமில்லை. 2013 நவம்பர் 30-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜி.டி. விபத்துக்குள்ளாகி, அவரும் ஓட்டியவரும் இறந்தார்கள். வேகம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. அந்த வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழையவை என்பதும், அதனால் பிடிப்பு குறைந்திருக்கலாம் என்பதும் அதே விசாரணையில் பதிவாயின. அதிகம் ஓடாத கார் என்பதால் டயரில் பள்ளம் நிறைய மிச்சம் இருக்கும், ரப்பர் மட்டும் செத்திருக்கும். பக்கச் சுவரில் கடைசியாக உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். வண்டி உள்ளே வந்ததும் மெக்கானிக் முதலில் படிக்கவேண்டிய எழுத்து அதுதான். பழைய டயரோடு வண்டியை எடுத்துப் போவேன் என்று பிடிவாதம் செய்பவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்.

ஸ்போர்ட்ஸ் கார் உருவமே இல்லாத சில வண்டிகளும் இதே கதவைத் தட்டும். 2005-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 பார்வைக்கு நான்கு கதவுக் குடும்பக் கார். உள்ளே 5 லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று. கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேயும் என்பது அந்த எஞ்சினைத் திறந்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம். ஒரு முறை ஆயில் மாற்றவே ஒன்பது லிட்டருக்கு மேல் வேண்டும். கம்பெனிக் கணக்குப்படியே நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், ஊருக்குள் ஓட்டினால் அதைவிடக் கூடும். பெட்ரோல் செலவைப் பற்றிப் புலம்பும் எம்5 சொந்தக்காரரிடம் பேரிங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பெட்ரோல் மறந்துபோகும்.

பிரிட்டனில் ஓட்டுபவருக்கு அரசாங்கத்தின் பங்கும் உண்டு. ஒரே நிறம், ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு 2006-ஆம் ஆண்டு 911-களை எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 23-க்கு முன் பதிவானதற்கு 2024-25-இல் சாலை வரி 415 பவுண்ட், அந்தத் தேதியிலோ பின்னரோ பதிவானதற்கு 735 பவுண்ட். சில வாரத் தாமதத்துக்கு வருடம் தவறாமல் 320 பவுண்ட் அபராதம் கட்டுவதுபோலத்தான். லண்டன் முழுவதும் 2023 ஆகஸ்ட் 29 முதல் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் ஆகிவிட்டதால், தரத்துக்கு உட்படாத பழைய பெட்ரோல் கார் தெருவில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். எந்தக் கார் உட்படும், எது தப்பும் என்பதைப் பதிவெண் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாடலில்கூட விடை மாறலாம். குளிர்காலத்தில் ஓட்டாமல் நிறுத்துகிறவர் வண்டி சாலையில் இல்லை என்று அறிவித்துவிட்டால் அந்த மாதங்களுக்கு வரி மிச்சம். ஆனால் தெருவோரத்தில் நிறுத்த முடியாது.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்ற பயத்துக்கு வருவோம். கம்பெனிகள் இப்போது பழைய கார்களிலும் காசு இருப்பதைக் கண்டுகொண்டன. போர்ஷே 292 மட்டுமே செய்த 959-க்கு கிளட்ச் ரிலீஸ் லீவர் தீர்ந்துபோனபோது, உலோகத் தூளை லேசரால் உருக்கி அதை அச்சிட்டுக் கொடுத்தது. நிஸான் தன் ஆர்32 ஜி.டி.ஆருக்குப் பாகங்களை 2017 முதல் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. விசித்திரமான மறுமுனையும் இருக்கிறது. 106 மட்டுமே உருவான மெக்லாரன் எஃப்1-ஐச் சோதிக்க, தொண்ணூறுகளின் காம்பாக் மடிக்கணினி ஒன்று தேவைப்பட்டது. உலகின் மிக விலை உயர்ந்த கார்களில் ஒன்றுக்காக அந்தப் பழைய கணினிகளைத் தேடி அலைந்த கதை 2016-இல் செய்தியாகவே வந்தது.

அந்த உயரத்தில் இல்லாத வாடிக்கையாளருக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஜெர்மன் கார்களின் கிளட்சை ஸாக்ஸும், மின்பாகங்களை பாஷும், ஃபில்டரை மாலேயும் செய்து கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். அதே பாகம் போர்ஷே பெட்டி இல்லாமல் வரும்போது விலை இறங்கிவிடும். எந்தப் பாகத்தில் பெட்டிக்குக் காசு கொடுக்கிறோம், எதில் தரத்துக்குக் கொடுக்கிறோம் என்ற அறிவுதான் உன் கடைக்கும் ஷோரூமுக்கும் உள்ள வித்தியாசம். சஸ்பென்ஷன் கை, பிரேக் குழாய் ஆகியவற்றில் பெயர் தெரியாத மலிவுச் சரக்கைப் பூட்டாதே.

வாங்குவதற்கு முன் பரிசோதிக்கச் சொல்லி வருகிறவர்தான் உண்மையில் கொடுத்துவைத்த வாடிக்கையாளர். அவருக்கு நேரம் ஒதுக்கு, முழுக் கட்டணமும் வாங்கு. ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்து இரும்புத்தூள் மின்னுகிறதா என்று பார்ப்பது, சிலிண்டருக்குள் கேமரா விட்டுக் கீறல் தேடுவது, எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்றியிருக்கிறார்களா என்று கம்ப்யூட்டரில் பதிவைப் படிப்பது எல்லாம் அரை நாள் வேலை. வாங்காதீர்கள் என்று சொல்லவேண்டி வந்தால் தயங்காமல் சொல். ஒரு பெரிய வேலை கைநழுவும். வாங்கலாம் என்று சொல்லும்போதும் ஒரு தொகையைச் சேர்த்துச் சொல்: முதல் வருடத்துக்கு, வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது கையிருப்பு வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு முகம் சுருங்குகிறவர் காரை வாங்காமல் இருப்பதே அவருக்கும் உனக்கும் நல்லது.

பில் எழுதும்போது பாகத்தின் எண், தேதி, ஓடிய தூரம் மூன்றையும் விடாமல் எழுது. கழற்றிய பேரிங்கைப் பையில் போட்டு வாடிக்கையாளரிடமே கொடு, புகைப்படம் எடுத்து பில்லோடு இணை. பத்து வருடம் கழித்து அந்தக் கார் விற்பனைக்கு வரும்போது வாங்குபவர் பெயின்டைவிட அந்தக் கோப்பைத்தான் அதிக நேரம் புரட்டுவார். பில் கட்டு தடிமனாக இருந்தால் விலை கூடுவது இந்த ஒரு ரகக் கார்களில்தான். அதில் உன் கடைப் பெயர் எத்தனை தாள்களில் இருக்கிறது என்பதை வைத்து அடுத்த சொந்தக்காரர் உன்னைத் தேடி வருவார்.

அன்புடன்.