உலராத வியர்வை

(இளம் அறிவியல், இயற்பியல் – இரண்டாம் ஆண்டு)

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊரில் பேச்செல்லாம் வெயிலைப் பற்றியதே. மே முதல் வாரத்தில் தொடங்கி அம்மாத இறுதி வரை கத்திரி என்று பஞ்சாங்கம் கூறும். "இன்று எத்தனை டிகிரி?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். வேலூரில் 42 என்று செய்தி வந்தால், "நமக்கு 35தானே, கடற்கரை ஊர் பரவாயில்லை" என்று ஆறுதல் அடைவோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழையென்று எனக்கு உணர்த்தியவர் என் தாயார். ஏன் பிழை என்பதைக் கற்பித்தது நம் இயற்பியல் ஆய்வுக்கூடம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பிள்ளைச்சாவடியைச் சேர்ந்தவள். என் தாயார் மீன் விற்பவர். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, நகரத்திற்குக் கொண்டுவந்து, பிற்பகல் வரை அமர்ந்து விற்பார். சென்ற ஆண்டு கத்திரியில் ஒரு நாள் பதினொரு மணியளவில் அவருக்குக் கால் தசை பிடித்து இழுத்தது. பிறகு தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். அன்று வெப்பம் 35 டிகிரியைத் தாண்டவில்லை. அருகில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்து, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தனர். ஒரு மணி நேரத்தில் தெளிந்தார். மாலையில், "காலையிலிருந்து தண்ணீர் குடித்தாயா அம்மா?" என்று கேட்டேன். "குடிச்சா எங்கடி போறது?" என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

உடல் குளிரும் விதம்

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று இதைவிடக் குளிர்ந்திருந்தால் உடலின் வெப்பம் தானே வெளியேறும். காற்றும் 35 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை அது தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் அது கொண்டுபோகும் வெப்பம், 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலைப் பத்து டிகிரிக்கும் மேலாகச் சூடேற்றப் போதுமானது.

ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் போவதுதான் மிச்சம். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் நம் வியர்வை எளிதில் உலர்வதில்லை. இதையே புழுக்கம் என்கிறோம்.

முதலாம் ஆண்டில் உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானிகளைப் பற்றிப் படித்தோம். ஈரத்துணி சுற்றிய குமிழ், நீர் ஆவியாவதால் குறைந்த வெப்பம் காட்டும். உள்நாட்டு ஊர் ஒன்றில் வெப்பம் 42 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதம் என்று கொள்வோம். அங்கே ஈரக் குமிழ் ஏறத்தாழ 24 டிகிரி காட்டும். நம் கரையில் வெப்பம் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரக் குமிழ் 29 டிகிரி காட்டும். ஈரக் குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா இருப்பவரும் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களைக் கொண்டு செய்த சோதனை முடிவுகள் 2022இல் வெளிவந்தன. ஈரம் மிகுந்த காற்றில் அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே இருப்பதாக அவை காட்டின. நம் 29 அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்! வேலூர் வெயில் எளிது என்பது இதன் பொருளன்று. அங்கே வியர்வை உடனுக்குடன் உலர்வதால், உடல் இழக்கும் நீரின் அளவே தெரியாது. ஆபத்து இரண்டிடத்திலும் உண்டு. அதன் வழிதான் வேறு.

இதை வீட்டில் எப்படி விளக்குவது என்று தயங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். "ஈரக் குமிழ்" என்றால் யாருக்கும் விளங்காது. எனவே மண்பானையைக் காட்டிச் சொன்னேன். பானையில் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது என்றேன். "அதான் புழுக்கமா இருக்குற நாள்ல பானைத் தண்ணி குளுர மாட்டேங்குது" என்றார் தாயார். நான் ஓராண்டு படித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். பானைத் தண்ணீர் குளிராத நாளில் உடலும் குளிராது. அந்த நாளில்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அறிவிப்பை மட்டும் நம்பலாமா?

இந்திய வானிலை ஆய்வுத்துறையின் வரையறைப்படி, சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டினால்தான் வெப்ப அலை பற்றி எண்ணுவர். கடலோரத்தில் 37 டிகிரியை எட்டவும் வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். என் தாயார் விழுந்த நாள் அக்கணக்கில் வராது. 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. கத்திரி முடிந்து நான்கு மாதங்களாகியிருந்தன. வெப்பம் 40 டிகிரியை நெருங்கவுமில்லை. ஆயினும் நண்பகல் வெயிலில் பெருங்கூட்டத்தில் நின்றவர்களுள் ஐவர் இறந்தனர். பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

நமக்குக் கடற்காற்று ஒரு கொடை. நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால் நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் அது பிந்தி வரும். அதுவரை உள்ள நேரமே மிகக் கொடியது. வெளிவேலைகளையும் விளையாட்டையும் காலையிலோ, காற்று திரும்பிய பின் மாலையிலோ வைத்துக்கொள்வது நலம். கோடையின் முதல் வெயிலில் உடல் பழகியிருக்காது. பழக ஓரிரு வாரங்கள் ஆகும். தேர்வு முடிந்த மறுநாளே நண்பகலில் கிரிக்கெட் ஆடும் நண்பர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

நீரும் உப்பும்

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். வெயிலில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையிலும் வியர்வை இழக்கலாம். உப்பும் போவதால் மோர், நீராகாரம், கேழ்வரகுக் கூழ் ஆகியவை நல்லவை. நம் முன்னோர் வழக்கம் வீணன்று. உடல் மிகத் தளர்ந்தால், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமக் கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து பருகலாம். கரண்டி என்றது தேக்கரண்டியை. சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று. குடல் உப்பையும் நீரையும் ஏற்றுக்கொள்ள அது துணைபுரிகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் இவ்வகைக் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.

இப்போது என் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் அமர்ந்து விற்கும் இடத்தில் பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இல்லை. ஆகவே பல பெண்கள் காலை முதல் பிற்பகல் வரை தண்ணீரைத் தொடுவதில்லை. நீர்க்கடுப்பு அவர்களுக்குப் பழகிப்போன நோய். இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதையே கூறுகிறது. வெப்பமான பணியிடங்களில் கழிப்பறை இல்லாத பெண்கள் நீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சிறுநீர்த் தொல்லைகளுக்கு ஆளாகின்றனர். அக்குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களையும் ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பான எல்லையை மீறிய வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தனர்.

2024 கோடையில் புதுச்சேரியின் போக்குவரத்து விளக்குகளருகே பச்சை நிற நிழல்வலை அமைத்தனர். நாடெங்கும் அதைப் பாராட்டினர், பாராட்டத்தக்கதே. ஒரு நிமிடம் நிற்பவருக்கு நிழல் வேண்டுமானால், எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு நிழலும் நீரும் கழிப்பறையும் வேண்டாமா? "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரை, கழிப்பறை இல்லாத இடத்தில் பாதி அறிவுரையே ஆகும்.

ஆபத்துக் காலத்தில்

தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், வாந்தி உணர்வு ஆகியவை முதல் எச்சரிக்கைகள். உடனே நிழலுக்குச் செல்ல வேண்டும். உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் குளிர்ச்சி. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

என் தாயார் இப்போது இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோகிறார். எதிரே உள்ள ஒரு வீட்டு அம்மாள் தம் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ள இசைந்திருக்கிறார். அவருடைய நல்ல மனத்தால் என் தாயாருக்கும் இன்னும் இருவருக்கும் வழி பிறந்தது. அங்கே மீன் விற்பவர்களோ முப்பது பேருக்கு மேல். மாணவ நண்பர்களே! இக்கோடையில் நீங்கள் கடைவீதி செல்லும்போது, வெயிலில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள். அந்த விடைகளைத் தொகுத்து, உரியவர்களிடம் எழுத்தில் கொடுக்க நம்மால் முடியும். நாம் படித்தது அதற்கேனும் பயன்படட்டும்.