ஒரு நாடு இணையத்தைத் துண்டித்துக்கொள்ள முடியுமா?

இணையம் என்பது வானில் எங்கோ மிதக்கும் ஒன்று என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது, கடலுக்கடியிலும் மண்ணுக்கடியிலும் செல்லும் கண்ணாடி இழைகளால் பிணைக்கப்பட்ட பல்லாயிரம் வலைப்பின்னல்களின் தொகுப்பாகும். ஒவ்வொரு வலைப்பின்னலும், "இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாக வரலாம்" என்று தன் அண்டை வலைப்பின்னலுக்கு அறிவித்து வைத்திருக்கிறது. அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றால் போதும். ஒரு கம்பியும் அறுபடாமலே அந்நாடு உலகின் கண்ணுக்கு மறைந்துவிடும்.

எகிப்து அவ்வாறே செய்தது. மக்கள் கிளர்ச்சியை அடக்க விரும்பிய அரசு, 2011 சனவரி 28 நள்ளிரவு கடந்ததும் இணைய நிறுவனங்களை ஒவ்வொன்றாக அடக்கியது. பங்குச் சந்தைக்கு இணைப்புத் தந்த நூர் என்ற நிறுவனம் மட்டும் சில நாள் தப்பியது. (நூர் என்றால் அரபு மொழியில் ஒளி!) பிறகு அதுவும் அணைந்தது. ஐந்து நாளில் ஏற்பட்ட இழப்பு குறைந்தது 9 கோடி டாலர் எனக் கணக்கிட்டார்கள். கூட்டமோ குறையவில்லை. பிப்ரவரி 11 அன்று அதிபர் முபாரக் பதவி விலகினார்.

முழுவதும் மூடாமல், வேண்டாததை மட்டும் தடுக்கலாமே என்று கேட்கலாம். 2018-இல் ரஷ்யா டெலிகிராம் செயலியைத் தடுக்க முயன்று, இலட்சக்கணக்கான முகவரிகளை அடைத்தது. தொடர்பே இல்லாத பல சேவைகள் முடங்கின. டெலிகிராமோ ஓடிக்கொண்டே இருந்தது! 2020-இல் தடையை நீக்கினார்கள்.

ஈரானின் வழி வேறு. வங்கியும் அலுவலகமும் நாட்டுக்குள்ளேயே இயங்கும்படி ஓர் உள்நாட்டு வலைப்பின்னலைப் பல ஆண்டுகளாகக் கட்டி வந்தது. 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வால் கலவரம் மூண்டபோது, வெளியுலகத் தொடர்பு ஏறத்தாழ ஒரு வாரம் அறுக்கப்பட்டது. உள்ளே பல சேவைகள் நடந்தன. எனக்கு இதுவே அதிக அச்சம் தருகிறது. எகிப்தில் அரசுக்கும் நட்டம் இருந்தது. இங்கு நட்டத்தைக் குறைத்துக்கொண்டு வாயை மட்டும் அடைக்க முடிகிறது. அந்நாள்களில் 300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை ஆம்னெஸ்டி அமைப்பு பின்னரே பதிவு செய்ய முடிந்தது. வெளிநாட்டில் படிக்கும் மகளுக்கு, அம்மா உயிரோடு இருக்கிறாரா என்றறிய என்ன வழி இருந்திருக்கும்?

நம் நாட்டிலும் காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையம் நிறுத்தப்பட்டது. 2020 தொடக்கத்தில் கைப்பேசிகளுக்கு 2ஜி வேகம் மட்டும் திரும்பியது. 4ஜி முழுமையாக 2021 பிப்ரவரியில்தான் வந்தது. இடையில் கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டன. நாம் வீட்டிலிருந்து காணொளியில் பாடம் கேட்ட அதே மாதங்களில், நம் வயதுப் பிள்ளைகள் அங்கே காணொளி ஓடாத அந்த 2ஜியோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.