ஒளி திரட்டும் கண்

நுழையும்முன்

வானத்தை வெறுங்கண்ணால் மட்டுமே கண்ட காலத்திலேயே, விண்மீன்களை நாண்மீன் என்றும் அவற்றிடையே இடம்பெயரும் கோள்களைக் கோண்மீன் என்றும் சங்கத்தமிழ் பிரித்து வழங்கியது. கண்ணுக்கு எட்டாத விண்பொருள்களையும் எட்டச் செய்தது தொலைநோக்கி. அது பெரிய ஆய்வகங்களுக்கு மட்டுமே உரியதன்று. மொட்டைமாடியிலும் பள்ளித் திடலிலும் நிறுத்தத்தக்கது. எனினும், ஆராயாமல் வாங்கிய கருவி ஆர்வத்தை வளர்ப்பதற்கு மாறாக அணைத்துவிடும். தொலைநோக்கியைத் தேர்வதற்கும் பயன்படுத்துவதற்கும் விண்பொருள்களைப் படமெடுப்பதற்கும் அடிப்படையான செய்திகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நடைபாதையில் ஒரு வானம்

ஜான் டாப்சன் வேதியியல் பயின்றவர். 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். விலையுயர்ந்த கருவிகளை வாங்கும் வசதி அவருக்கில்லை. கப்பல் சன்னல்களில் பயன்பட்ட தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்துக் குழியாடியாக்கினார். அட்டைக்குழாய் தொலைநோக்கியின் உடலாயிற்று. ஒட்டுப்பலகையால் செய்த பெட்டி அதனைத் தாங்கி நின்றது.

1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்த பின்னர், டாப்சன் தம் கருவிகளை நகரத்து நடைபாதைகளில் நிறுத்தி, வழிப்போக்கரை அழைத்து நிலவையும் சனிக்கோளையும் காட்டினார். அடுத்த ஆண்டில் ‘நடைபாதை வானியலாளர்’ என்னும் அமைப்பு உருவாயிற்று. தம் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. ‘டாப்சோனியன்’ என்னும் பெயரில் அவ்வடிவம் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அகலமான ஆடி, அசையாத அடித்தளம் என்னும் இரண்டே அதன் சிறப்புகள். தொலைநோக்கியைத் தேர்வோர் முதலில் நோக்க வேண்டியவையும் இவையே.

பெருக்கமா? அகலமா?

தொலைநோக்கியின் முதற்பணி பொருளைப் பெரிதாக்குவதே எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் முதற்பணி ஒளியைத் திரட்டுவதாகும். இருளில் மனிதக் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். 70 மி.மீ. விட்டமுடைய வில்லை அதனைப்போல் 100 மடங்கு ஒளியைத் திரட்டும். 150 மி.மீ. விட்டமுடைய ஆடியோ ஏறத்தாழ 460 மடங்கு ஒளியைத் திரட்டும். விட்டம் இருமடங்கானால் திரளும் ஒளி நான்கு மடங்காகும். நெருங்கியிருக்கும் இரு விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் திறனும் விட்டத்தைப் பொறுத்தே அமைகிறது.

உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது எளிது. பொருளருகு வில்லை அல்லது முதன்மை ஆடியின் குவியத்தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத்தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1200 மி.மீ. குவியத்தொலைவுடைய கருவியில் 25 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 48 மடங்கும், 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 120 மடங்கும் கிடைக்கும். ஆகவே, வில்லையை மாற்றி உருப்பெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். அதனால் விளையும் பயனுக்கோ எல்லை உண்டு. விட்டத்தின் மில்லிமீட்டர் அளவைப்போல் இருமடங்கே அவ்வெல்லை எனப் பொதுவாகக் கொள்ளலாம். 60 மி.மீ. கருவிக்கு அது 120 மடங்காகும்.

ஒரு கைப்பிடி வெல்லத்தை ஒரு குவளை நீரில் கரைத்தால் இனிக்கும். அதே வெல்லத்தைக் குடம் நிறைந்த நீரில் கரைத்தால் அளவு கூடும், சுவை குன்றும். திரட்டிய ஒளியை அளவுக்கு மீறிப் பரப்புவதும் அத்தகையதே. பெருக்கத்தை இருமடங்காக்கினால் உருவத்தின் பொலிவு நான்கில் ஒன்றாகக் குறையும். சிறிய கருவியின் பெட்டியில் ‘500 மடங்கு’ என அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கி வாங்குவோர் காண்பது மங்கி நடுங்கும் ஒரு நிழலுருவமே. குறை கருவியிலிருக்க, வானியல் தமக்கு வராது என எண்ணிப் பலர் அத்துடன் அதனைக் கைவிடுகின்றனர். பணத்தினும் பெரிய இழப்பு அது.

வில்லையும் ஆடியும்

கலிலியோ 1609இல் வானை நோக்கித் திருப்பியது வில்லைகளால் ஆன ஒளிவிலகல் தொலைநோக்கி. மூடிய குழாயுடைய இவ்வகைக்குப் பராமரிப்புக் குறைவு, காட்சி தெளிவானது. எளிய வில்லைகளில் ஒளிர்வான பொருள்களைச் சுற்றி நிறக்கசிவு தோன்றும். இதனை நிறப்பிறழ்ச்சி என்பர். இக்குறையை நீக்கிய பெரிய வில்லைகளின் விலை மிகுதி.

நியூட்டன் 1668இல் வில்லைக்கு மாற்றாகக் குழியாடியைக் கொண்டு எதிரொளிப்புத் தொலைநோக்கியை அமைத்தார். ஆடி எல்லா நிறங்களையும் ஒரே வகையில் எதிரொளிப்பதால் அதில் நிறப்பிறழ்ச்சி இல்லை. குறைந்த செலவில் மிகுந்த விட்டம் பெற இவ்வகையே ஏற்றது. எனினும், ஆடிகள் நேர்க்கோட்டில் அமைந்துள்ளனவா என அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஆடியையும் வில்லையையும் இணைத்த மூன்றாம் வகை, குட்டையான குழாய்க்குள் நீண்ட குவியத்தொலைவைத் தருகிறது. எடுத்துச்செல்ல எளிது, விலை கூடுதல்.

முதற்கருவி தொலைநோக்கியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து மடங்கு பெருக்கமும் 50 மி.மீ. விட்டமும் கொண்ட பைனாகுலரில் நிலவின் பள்ளங்களும், கார்த்திகை விண்மீன்களின் கூட்டமும், 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்டிரோமீடா விண்மீன் மண்டலமும் தென்படும். அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் காணலாம்.

அசையாத அடித்தளம்

புவி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதனால் நிலவு இரண்டே நிமிடங்களில் தன் விட்டத்தின் அளவுக்கு வானில் நகர்ந்துவிடும். 120 மடங்கு பெருக்கத்தில் ஒரு கோள் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் பார்வைப் புலத்தைக் கடந்துவிடும். காற்றால் எழும் நடுக்கமும் கைபட்டு எழும் அதிர்வும் அதே அளவிற்குப் பெருகித் தோன்றும். மெலிந்த முக்காலியின் மேல் வைத்த சிறந்த வில்லையும் பயன்தராது.

தாங்கிகள் இருவகைப்படும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் எளிய தாங்கி கண்ணால் காண்பதற்குப் போதும். துருவ அச்சுத் தாங்கியோ புவியின் அச்சுக்கு இணையாக நிறுத்தப்படுவதால், ஒரே அச்சில் மெல்லச் சுழன்று விண்மீனைத் தொடர்கிறது. துருவ விண்மீன் தோன்றும் உயரம் அவ்விடத்தின் அட்சக்கோட்டு அளவுக்குச் சமம். சென்னையில் அது ஏறத்தாழ 13 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகையே. வடபுல நாடுகளுக்கென உருவான சில தாங்கிகள் இவ்வளவு தாழ்வாகச் சாய்வதில்லை. எனவே, வாங்குமுன் இதனை உறுதிசெய்தல் நன்று.

இருளில் பழகும் கண்

வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். கைப்பேசியின் ஒரு மின்னொளி அப்பழக்கத்தைக் கலைத்துவிடும். ஆதலால், வரைபடம் காண மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்துவர். மங்கலான ஒண்முகிலை நேராக நோக்காமல் சற்றே விலகி நோக்கினால் அது தெளிவுறும்; மங்கொளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நடுவைச் சுற்றியே செறிந்திருப்பது அதற்குக் காரணம்.

பகலில் தொலைவிலுள்ள கோபுரத்தையோ மரவுச்சியையோ குறியாகக் கொண்டு தேடுநோக்கியை முதன்மைக் குழாயுடன் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். இரவில் குறைந்த பெருக்கத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பகலில் உண்ட வெப்பத்தை மொட்டைமாடித் தளம் இரவில் வெளியிடும். அவ்வெப்பக்காற்று உருவத்தைக் கலைக்கும். மண்தரையோ புல்வெளியோ சிறந்தது. நிலவின் மலைகளையும் பள்ளங்களையும் காண முழுநிலவைக் காட்டிலும் அரைநிலவே ஏற்றது; ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் நிழல்கள் நீண்டு விழும். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் வில்லையில் பூஞ்சை படரக்கூடும். ஆதலால், பனி உலர்ந்த பின்னரே கருவியை மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் பேண வேண்டும்.

எச்சரிக்கை: கதிரவனைத் தொலைநோக்கி வழியாக நேரே காண்பது கண்ணை நொடியில் கெடுக்கும். குழாயின் முன்வாயை முழுதும் மூடும் தரமான கதிரவ வடிகட்டி இன்றி அம்முயற்சி கூடாது. கண்ணருகு வில்லையில் திருகும் சிறு வடிகட்டி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். அதனைப் பயன்படுத்தவே கூடாது. தேடுநோக்கியையும் மூடிவைக்க வேண்டும்.

ஒளியை எழுதுதல்

கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒளிப்படத் தகடு சேமிக்கும். மருத்துவம் பயின்ற ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் ஒண்முகிலை 51 நிமிடங்கள் தொடர்ந்து பதிவுசெய்து, ஒண்முகிலின் முதற்படத்தை எடுத்தார். 1883இல் இங்கிலாந்தின் சுகாதாரப் பொறியாளர் ஆண்ட்ரூ காமன், தம் இல்லத்துத் தோட்டத்தில் இருந்த 36 அங்குலத் தொலைநோக்கியால் அதே ஒண்முகிலைப் படமெடுத்தார். கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் அப்படத்தில் பதிந்திருந்தன.

இன்று தகட்டின் இடத்தில் மின்னணு உணரி உள்ளது. நிலவைப் படமெடுக்கக் கண்ணருகு வில்லையில் பொருத்திய கைப்பேசியே போதும். கோள்களைக் காணொளியாகப் பதிந்து, காற்று அமைதியாக இருந்த கணங்களின் படங்களைத் தேர்ந்து அடுக்குவர். ஒண்முகிலுக்குத் தொடரும் தாங்கியும் பொறுமையும் தேவை. ஒரே காட்சியின் பல படங்களை அடுக்கும்போது ஒளியின் சுவடு வலுப்பெறுகிறது. தற்செயலான இரைச்சல் ஒன்றையொன்று தணிக்கிறது. தெளிவு, படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கேற்பக் கூடும்: 16 படங்கள் நான்கு மடங்கும், 100 படங்கள் பத்து மடங்கும் தெளிவு தரும். மூடியிட்டு எடுக்கும் இருட்படங்களைக் கழித்து உணரியின் குறைகளை நீக்குவர். இத்துறையில் செலவிடுவோர் விலையுயர்ந்த கேமராவுக்கு முன் உறுதியான தாங்கியையே நாட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

திருப்பத்தூர் மாவட்டம் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆர்வலரின் பங்கு

2009 சூலை 19 இரவு, ஆஸ்திரேலியாவின் கணினி நிரலாளர் ஆண்டனி வெஸ்லி, தம் வீட்டிலிருந்து 14.5 அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கோளின் தென்துருவப் பகுதியருகே கரிய புள்ளி ஒன்று தோன்றியது. அது நிலவொன்றின் நிழலாக இருக்குமோ என ஆராய்ந்தார். புள்ளி கோளுடனேயே சுழல்வதைக் கண்டதும் உலகின் வானியலாளர்க்கு அறிவித்தார். ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதனை உறுதிசெய்தது. சில நாள்களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதனைப் படமெடுத்தது. விண்பொருள் ஒன்று வியாழனில் மோதிய வடு அது.

பெரிய வானாய்வகங்களின் நேரம் முன்னரே பங்கிடப்பட்டிருக்கும். ஒரே கோளை நாள்தோறும் கண்காணிக்க அவற்றால் இயலாது. அவ்விடைவெளியை நிரப்புவோர் ஆர்வலரே. ஒளி மாறும் விண்மீன்களைக் கண்காணிக்கும் ஆர்வலர்க்கென அமெரிக்காவில் 1911இல் தோன்றிய சங்கம் இன்றும் செயற்படுகிறது. வெஸ்லி அப்புள்ளியை இன்னதென அறிந்தமைக்கு, இரவுதோறும் அக்கோளை நோக்கிப் பழகிய பயிற்சியே துணைநின்றது.

சிறந்த தொலைநோக்கி எது என்னும் வினாவுக்கு விலைப்பட்டியலில் விடை இல்லை. அறையின் மூலையில் தூசி படியும் பெருங்கருவியைவிட, வானம் தெளிந்த இரவுகளிலெல்லாம் வெளியே எடுத்துவரப்படும் சிறுகருவியே சிறந்தது. நடைபாதையில் டாப்சனின் கருவி செய்ததுபோல், அது பிறர் கண்ணுக்கும் வானத்தைத் திறந்துவைக்குமாயின் அதன் பயன் நிறைவுபெறும்.

கற்பவை கற்றபின்

1. அரைநிலவையும் முழுநிலவையும் பைனாகுலரால் நோக்கி, காணும் வேறுபாடுகளை வரைந்து குறிப்பெழுதுக.
2. தொலைநோக்கி விளம்பரம் ஒன்றிலுள்ள உருப்பெருக்க அளவு பொருத்தமானதா எனக் கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. 900 மி.மீ. குவியத்தொலைவுடைய கருவியில் 20 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் கிடைக்கும் உருப்பெருக்கம் யாது?
2. நிறப்பிறழ்ச்சி என்றால் என்ன?

சிறுவினா
1. வெல்லத்தின் உவமை வழி விளக்கப்படும் கருத்தினை எழுதுக.
2. பல படங்களை அடுக்குவதால் விளையும் பயன்களைக் கூறுக.

நெடுவினா
‘தொலைநோக்கியின் சிறப்பு அதன் விலையில் இல்லை, பயன்பாட்டில் உள்ளது’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.