மழைக்கு முன் யாஷிகாவைத் திறந்து பாருங்கள்

தாத்தாவோ அப்பாவோ வைத்துவிட்டுப் போன யாஷிகா மேட் 124ஜி, தோல் உறையோடு பீரோ மேல்தட்டில் கிடக்கிறதா? வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் அதை வெளியே எடுத்துவிடுங்கள். அக்டோபர் நடுவில் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அந்த மாதங்களில் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் பல நாட்கள் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். ஒரு லென்ஸ் கெட்டுப்போவதற்கு அந்த ஒரு பருவமே போதும்.

124ஜி ஜப்பானில் 1970 முதல் 1986 வரை தயாரானது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழே உள்ள 80 மி.மீ. யாஷினான் லென்ஸ் படமெடுப்பதற்கு. 120 பிலிம் ரோலில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படம் கிடைக்கும். யாஷிகாவின் இரட்டை லென்ஸ் கேமராக்களை வைத்துத் தொழில் நடத்திய ஸ்டூடியோக்கள் நம் ஊர்களில் ஏராளம். கல்யாண மேடைக்கு எதிரே ஒருவர் தலையைக் குனிந்து, வயிற்றருகே பிடித்த பெட்டிக்குள் பார்த்தபடி "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்ன ஆல்பங்களில் பல இதன் வகையறாவில் எடுக்கப்பட்டவை. யாஷிகா நிறுவனம் 1983இல் கியோசெராவோடு இணைந்தது. கியோசெராவும் 2005இல் கேமராத் தொழிலை விட்டு வெளியேறியது. எனவே புதிய உதிரிப் பாகம் என்ற ஒன்று இனி வரப்போவதில்லை. உடைந்த பற்சக்கரத்துக்குப் பழுதான இன்னொரு கேமராவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போடலாம். பூஞ்சை தின்ற லென்ஸுக்கு அந்த வழியும் கஷ்டம்தான். இன்னொரு பழைய கேமராவின் லென்ஸும் இதே மழையைப் பார்த்து வந்ததாகத்தான் இருக்கும்.

மெக்கானிக்குகள் 'பங்கஸ்' என்று சொல்லும் பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் உண்டு. உங்கள் லென்ஸுக்குள் அது ஏற்கெனவே போயிருக்கும், முளைக்காமல் காத்திருக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாட்கள் தொடர்ந்து நீடித்தால் முளைவிடும். அதற்குப் பெரிய தீனி ஒன்றும் வேண்டாம்: விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை, தூசி, பழைய கிரீஸிலிருந்து ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த மெல்லிய படலம், இவையே போதும். இருட்டும் அசையாத காற்றும் இருந்தால் இன்னும் வசதி. மூடிய தோல் உறை இந்த இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறது. படர்ந்த இழைகள் அமிலம் சுரக்கும். அது முதலில் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் துடைத்தெடுத்துவிடலாம். அரித்த தடம் விழுந்த பிறகு எவ்வளவு துடைத்தாலும் தடம் தடம்தான். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் அதன்பின் வெளிறிப்போகும்.

ஆகவே முதல் வேலை டார்ச் சோதனை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் பின்கதவைத் திறந்துகொள்ளுங்கள். உள்ளே பிலிம் இல்லை என்பதை அதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். துவாரத்தை 3.5இலும், ஷட்டர் வேகத்தை 'பி' எழுத்திலும் வையுங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றி, பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விரலை எடுக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். இன்னொருவர் முன்னாலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சற்றுச் சாய்வாக லென்ஸில் அடிக்கட்டும். நீங்கள் பின்னாலிருந்து பாருங்கள்.

அங்கங்கே தனித்தனிப் புள்ளி தெரிந்தால் தூசி. அதை அப்படியே விட்டுவிடலாம், படத்தில் தெரியாது. கண்ணாடி முழுக்கச் சீராகப் பனி மூடியதுபோல் இருந்தால் அது கிரீஸ் ஆவி படிந்த மங்கல்; சர்வீஸில் சுத்தமாகிவிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை பிரிந்து போகும் நுண்ணிய வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பங்கஸ். விளிம்பில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால், ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டுப்போகிறது என்று பொருள். மேல் லென்ஸையும் இதேபோல் பாருங்கள். அதில் பங்கஸ் இருந்தால் படம் கெடாது. ஆனால் கீழ் லென்ஸிலிருந்து அது சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

இழை தெரிந்துவிட்டால் மழை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சென்னை, மதுரை, கோவை மாதிரியான ஊர்களில் பிலிம் காலத்து மெக்கானிக்குகள் சிலர் இன்னும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். கேமராவைக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: லென்ஸைச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு ஃபோகஸைச் சரிபார்த்துத் தருவாரா? இரட்டை லென்ஸ் கேமராவில் இதுதான் உயிர்நாடி. இரண்டு லென்ஸும் ஒரே தூரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும். மேல் லென்ஸ் அரைத் திருகு இடம் மாறினாலும், மேலே பளிச்சென்று தெரிகிற முகம் பிலிமில் மங்கலாக விழும். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்பவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையும் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு. ரப்பர் புளோயரால் தூசியை ஊதுங்கள். லென்ஸின் வெளிமுகத்தை மென்மையான துணியில் ஓரிரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு, அழுத்தாமல் நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். திரவத்தை நேரடியாக லென்ஸின் மேல் விடக்கூடாது. ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். மேல் மூடிக்குக் கீழே சாய்வாக இருக்கும் கண்ணாடியைத் தொடவே தொடாதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்னால் இருக்கும். இதில் முன்பக்கத்திலேயே பூசியிருப்பதால் ஒருமுறை அழுந்தத் துடைத்தாலே கீறிவிடும். ஃபோகஸ் திரைக்கும் புளோயர் மட்டும் போதும், ஆல்கஹால் வேண்டாம். இறுகிப்போன ஃபோகஸ் குமிழுக்கோ தயங்கும் ஷட்டருக்கோ தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துருநீக்கி ஸ்பிரே எதையும் விடாதீர்கள். ஷட்டர் இதழ்கள் எண்ணெயே இல்லாமல் இயங்க வேண்டியவை. ஒரு சொட்டு பட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தும்போது 'கிர்ர்' என்று சீராகக் கேட்க வேண்டிய சத்தம் நடுவில் திக்கினால், தேவைப்படுவது பழைய கிரீஸை எடுத்துவிடும் முழு சர்வீஸ். பழைய ஷட்டர்களில் செல்ஃப் டைமரைத் தொடாமலே விடுவது நல்லது. நடுவில் நின்றுவிட்டால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பின்கதவின் ஓரங்களில் வெளிச்சம் புகாமல் தடுக்க வைத்திருக்கும் கறுப்பு ஃபோமை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். பழசானால் அது பிசுபிசுத்துத் தார்போல் ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். ஈரம் அதைச் சீக்கிரம் கெடுக்கிறது. பல்குச்சியில் துணி சுற்றி, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். உதிரும் துகள் ஷட்டர் பக்கம் போகாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். அதே அளவில் வெட்டிய புது ஃபோம் பட்டையை ஒட்டலாம். அது கிடைக்காவிட்டால், குறுகிய காடிகளில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தாலும் வெளிச்சம் தடைபடும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராக்கள் வைத்திருப்பவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். அவற்றில் கண்ணாடி எழும்பி மோதும் இடத்திலும் ஒரு ஃபோம் பட்டை இருக்கும்.

அடுத்தது பேட்டரி. 124ஜியின் வெளிச்சமானிக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரிதான் கணக்கு. பாதரசம் நச்சு என்பதால் அந்தவகை பேட்டரிகள் பல நாடுகளில் தடை செய்யப்பட்டுவிட்டன. அந்த இடத்தில் 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் முள் கூடுதல் வெளிச்சம் காட்டும். அதை நம்பி எடுத்த படம் இருண்டுபோகும். காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 அளவு ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட் என்பதால் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் ஸ்டிக்கரை உரித்ததிலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்கும். இந்தக் கேமராவின் ஷட்டருக்கு பேட்டரி தேவையே இல்லை. எனவே மழைக்காலம் முழுக்க பேட்டரியைக் கழற்றிவைப்பதே நல்லது. கழற்றும்போது பச்சையோ வெள்ளையோ உப்புப் பூத்திருந்தால், அது உள்ளே கசிந்த பேட்டரி. கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். பழைய பாதரச பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

கேமரா தயார். இனி எங்கே வைப்பது? தோல் உறைக்குள் மட்டும் வேண்டாம். அந்த உறை பத்திரமானது என்ற நம்பிக்கைதான் பல லென்ஸ்களைக் கெடுத்திருக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதிலேயே பூஞ்சை வளரும். உறையைத் தனியாகக் காற்றாட வையுங்கள். பீரோவில் துணிகளுக்கு நடுவே போடும் அந்துருண்டையும் கற்பூரமும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. இது வெறும் வாய்வழிப் பேச்சு அல்ல, நிக்கான் தன் கேமராக் கையேடுகளிலேயே கொடுத்திருக்கும் எச்சரிக்கை. அரிசி மூட்டைக்குள் வைக்கும் பழக்கமும் வேண்டாம். தவிட்டுத் தூள் உள்ளே போய்ப் பூஞ்சைக்குத் தீனியாகும்.

ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா ஒன்று, அதற்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி, துணிப் பையில் சிலிக்கா ஜெல். பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவே போதும். முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போகவிடாதீர்கள். கிரீஸ் காய்ந்து, தோல் மேலொட்டு சுருங்கும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள், அதிலும் ஆரஞ்சு நிறத்ததை. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறிவிட்டால், சமையலுக்குப் புழங்காத பாத்திரத்தில் இளஞ்சூட்டில் காயவைத்தால் பழையபடி வேலை செய்யும். கேமராக்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு மின்சார டிரை கேபினெட் கொடுத்த காசுக்கு மோசமில்லை.

டப்பாவில் போட்டதோடு மறந்துவிடவும் கூடாது. வாரம் ஒருமுறை, மழை விட்ட காலையில், வெளியே எடுங்கள். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில் மூடியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் ஒருமுறை ஷட்டரை ஓடவிடுங்கள், ஃபோகஸ் குமிழைக் கடைசிவரை திருப்பித் திரும்பக் கொண்டுவாருங்கள். 1/500 வேகத்தை ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு அந்த வேகத்துக்கு மாற்றுவது ஸ்பிரிங்குக்குப் பாரம். திரும்ப உள்ளே வைக்கும்போது ஷட்டர் ஏறிய நிலையில் இருக்கக்கூடாது.

மழையில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். மழைக்கால வெளிச்சம் கறுப்பு வெள்ளைக்கு அவ்வளவு இசைவானது. இந்தக் கேமராவின் பார்வைத் திரை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். எனவே குடையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் கணக்கு எளிது: ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு, மூடாக்கு வானத்தில் 1/500 வேகமும் எஃப் 8 துவாரமும். மேகம் கறுத்துவிட்டால் எஃப் 5.6. ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது, உள்ளே இருக்கும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். வெளிச் சூட்டுக்கு வர அரைமணி நேரம் கொடுத்த பிறகு திறந்தால் கண்ணாடியில் நீர் கோக்காது. ஃபிரிட்ஜில் வைத்த பிலிம் ரோலுக்கும் இதே விதி.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாழ்வான பகுதிகளில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கேமராவும் நெகட்டிவ்களும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகட்டும். மீறி கேமரா நீரில் மூழ்கிவிட்டால் கைப்பிடியைச் சுற்றாதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, அன்றே மெக்கானிக்கிடம் கொடுங்கள். நனைந்த நெகட்டிவ்களுக்கு நேர்மாறான வைத்தியம்: அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடவே கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டுவைத்து, இரண்டு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து அலசி, கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அலமாரியைத் திறக்கும்போதே பழைய பிலிம்களிலிருந்து வினிகர் வாடை வந்தால், அவற்றின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதல் வேலையாக ஸ்கேன் செய்துவிடுங்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம்களில் எடுத்த குடும்பப் படங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. அந்தப் படங்களுக்கு நெகட்டிவ்தான் மூலம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். 120 அளவில் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் இன்னும் தயாராகிறது. கோடாக்கும் 2022இல் கலர் கோல்டு 200 பிலிமை 120 அளவில் மறுபடி கொண்டுவந்தது. மேசையில் சாய்த்து விரித்த செய்தித்தாளை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 3.5இல் எடுங்கள், எந்த வரியில் ஃபோகஸ் வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கோபுரத்தை ஒன்று, சூரியனுக்கு எதிரே நிற்கும் ஆளை ஒன்று, மீதியை வெவ்வேறு வேகங்களில். கழுவிய நெகட்டிவில் நீங்கள் குறித்த வரி தெளிவாக இல்லாமல் பக்கத்து வரி தெளிந்திருந்தால், லென்ஸ் இடம் மாறியிருக்கிறது. எதிர்வெளிச்சப் படம் மட்டும் வெளிறியிருந்தால் டார்ச்சை மறுபடி கையில் எடுங்கள். சதுரத்துக்கு வெளியே பிலிமின் ஓரம்வரை கறுப்புத் தீற்றல் நீண்டிருந்தால் ஃபோம் பட்டை எங்கோ சரியாக உட்காரவில்லை. அந்த மூலையை மட்டும் பிரித்து ஒட்டுங்கள்.